பசி அவளுடையது

அன்புள்ள தீபா,

சளி விட்டு இனியா ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாள் என்று உன் அம்மா சொன்னாள்; நிம்மதியாக இருந்தது. அதே பேச்சில் நீ அவளிடம் கேட்ட கேள்வியும் என் காதுக்கு வந்தது. போன் இல்லாமல் பிள்ளை ஒரு வாய்கூட வாங்க மாட்டேன் என்கிறாள், எல்.கே.ஜி. சேர்க்கும்வரை இப்படியே விட்டுவிடலாமா, இல்லை இப்போதே நிறுத்த வேண்டுமா என்று கேட்டாயாம். போனில் கூப்பிட்டால் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவு உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும்தான். இரண்டு பக்கத்தையும் எடுத்து வைக்கிறேன், பார்த்துச் செய்யுங்கள்.

போனைப் பற்றிப் பேசுமுன், அதைக் கையில் எடுக்க வைத்த பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு வயதுவரை கிண்ணம் காலியாகச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் வாயை இறுக மூடிக்கொண்டால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் வளர்ச்சி அட்டையை எடுத்துப் பார். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவீடு அது. ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து செய்தது, அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு; நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாத கணக்கு என்று தள்ள முடியாது. அதன்படி பெண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5, மூன்று வயதில் 13.9. கழித்துப் பார். முதல் வருடம் ஏறியது 5.7 கிலோ. இரண்டாம் வருடம் 2.6 கிலோதான். மூன்றாம் வருடம் அதைவிடவும் கொஞ்சம் குறைவு. வளரும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகு பசி மட்டும் எப்படிப் பழைய அளவிலேயே நிற்கும்? உடம்பு கேட்பது குறைந்தது, அதனால் வாய் மூடிக்கொண்டது. இது நோயும் இல்லை, அடமும் இல்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தை 9 கிலோவிலிருந்து 14.8 கிலோ வரை எங்கே இருந்தாலும் இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறாள். இனியா போன மாதம் 10.8 என்றாய். அவளுடைய கோடு முதல் வருடத்திலிருந்தே நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அதை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறது. அது அவள் கோடு. எதிர் ஃபிளாட் பிள்ளையின் கோடு வேறு.

"பசித்தால் வாய்விட்டுக் கேட்கிற வயதா இது? விட்டால் பட்டினி கிடந்துவிடாதா?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், 1920களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல வருடங்கள், பால்குடி மறந்த பதினைந்து குழந்தைகளைத் தாங்களே தேர்ந்து சாப்பிட விட்டார். காய், பழம், தானியம், இறைச்சி, முட்டை, பால் என்று 34 வகை. சர்க்கரை சேர்த்தது ஒன்றுகூடக் கிடையாது. செவிலியர்களுக்குக் கொடுத்த கட்டளைதான் முக்கியம்: ஸ்பூனோடு பக்கத்தில் சும்மா உட்கார், பிள்ளை கை நீட்டினால் மட்டும் கொடு, சாப்பிடு என்றும் சொல்லாதே, போதும் என்றும் சொல்லாதே. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டது. கொஞ்ச நாளுக்கு ஒரே பண்டத்தின் மேல் மோகம், அப்புறம் அதைத் திரும்பியும் பார்க்காமல் வேறொன்று. ஆனாலும் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள் என்று 1939-இல் அவர் எழுதினார். சோதனையின் சூட்சுமமே உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதையும் அவரே ஒளிக்காமல் சொன்னார். கெடுதலான எதையும் அவர் முன்னால் வைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

இன்னொரு ஆய்வு, லியான் பர்ச் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் 1991-இல் வெளியிட்டது. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்த பதினைந்து குழந்தைகள் நாள் முழுக்கச் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் அளந்தார்கள். ஒரு வேளைக்கு எடுத்துக்கொண்ட சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருந்தது. காலையில் அள்ளிச் சாப்பிட்டது மத்தியானம் தட்டைத் தள்ளியது; மத்தியானம் தள்ளியது ராத்திரி கேட்டு வாங்கியது. நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன உடம்புக்குள் யாரும் சொல்லித்தராத ஒரு கணக்கு ஓடுகிறது. பெரியவர்களான நமக்கு அந்தக் கணக்கு எப்போதோ கலைந்துவிட்டது. பிள்ளைக்கு இன்னும் கலையவில்லை. அதைக் கலைக்காமல் விடுவதுதான் இந்த வயதில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது, எங்கே உட்காருவது, இதெல்லாம் உன் பொறுப்பு. எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது இனியாவின் பொறுப்பு. ஒரு வேளையை வைத்து அழாதே. ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்.

இப்போது போனுக்கு வருகிறேன். போன் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளையை ஒரு நாள் ஊட்டாமல், எதிரே உட்கார்ந்து பார். கண் இமைப்பது குறைந்திருக்கும். கீழ்த்தாடை லேசாகத் தொங்கும். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கும், சோறு உள்ளே போனதும் மெல்லாமல் கன்னத்தில் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு நிமிடம் கழித்தும் அங்கேயே இருக்கும். "முழுங்கு, முழுங்கு" என்று கன்னத்தைத் தட்டுகிறோம். விளம்பரம் வந்து பாட்டு நின்றால்தான் பிள்ளை விழித்துக்கொள்ளும். வாயில் சோறு இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல் அத்தனையையும் துப்பும். பருப்புச் சாதமா, ரசமா, இட்லியா என்று அவளைக் கேட்டுப் பார், தெரியாது. வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்புவது, உதட்டைச் சேர்த்துக்கொள்வது, ஸ்பூனைத் தள்ளுவது, இவையெல்லாம் "போதும்" என்று சொல்ல அவளுக்கு இருக்கிற வழிகள். போன் அந்த வழிகளை அடைத்துவிடுகிறது. போனை வைத்து நாம் ஊட்டுவது அவளுக்குப் பசிக்கிறது என்பதற்காக இல்லை, அவள் மறுக்க மறந்துவிடுகிறாள் என்பதற்காக. இது எனக்குப் பொறுக்கவில்லை, தீபா. மெல்லாமல் விழுங்குவதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. நாலு வயதுவரை வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்காதே என்று சொல்கிறோம். கவனமே இல்லாமல் சாப்பிட வைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வற்புறுத்தினால் கூடுதலாக இறங்கும் என்பதாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. 2006-இல் வந்த ஒரு ஆய்வில் நர்சரி வயதுப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்தார்கள். சில வகைச் சூப் கொடுக்கும்போது "முடித்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டபோதுதான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொன்னபோது குறைவாகக் குடித்ததோடு அந்தச் சூப்பையே குறை சொன்னார்கள். கட்டாயம் வந்த இடத்தில் பண்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. கீரையை வெறுக்கும் எத்தனையோ பெரியவர்களின் கதை இங்கேதான் தொடங்கியிருக்கும்.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் பேசுவது எடையைப் பற்றித்தான். "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டா, அம்மா சோறு போடறதில்லையா?" என்று பிள்ளையிடமே கேட்பார்கள். கேள்வி பிள்ளைக்கு, குத்து தாய்க்கு. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் தாய் கெட்டிக்காரி, ஒல்லியாக இருந்தால் தாய்க்குக் கவனம் போதாது. அப்பாவை யாரும் கேட்பதில்லை. உன் அண்ணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே பேச்சால் உன் அம்மாவை என்ன பாடு படுத்தினார்கள் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் பட்டதை இன்றைக்கு நீ படக் கூடாது. பிள்ளை மெலிவு என்ற பேச்சுக்குப் பயந்து ஒரு தாய் ஒவ்வொரு ஸ்பூனையும் எண்ணத் தொடங்கினால், சாப்பாட்டு நேரம் அவளுக்குப் பரீட்சை ஆகிவிடும். பரீட்சையில் எப்படியாவது தேற வேண்டும் என்றுதான் போன் வருகிறது, டப்பாவில் அடைத்த ஊட்டச்சத்துப் பவுடர் வருகிறது. அந்தப் பவுடர்களில் பலவற்றின் அட்டையைத் திருப்பிச் சர்க்கரை எவ்வளவு என்று பார். இனிப்பான பாலைக் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை எந்தப் பசியோடு சோற்றுக்கு வருவாள்? உன் மாமியார், நம் சம்பந்தியம்மா, பிள்ளை இளைத்துவிட்டாள் என்று அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்பைக் கிலோவில் நிறுக்கும் இந்தப் பழக்கத்தை எங்காவது ஒருவர் நிறுத்தியாக வேண்டும். அது நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"நீங்களெல்லாம் நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, பஸ்ஸைக் காட்டி ஊட்டவில்லையா? போன் மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று மாப்பிள்ளை கேட்டாராம். நல்ல கேள்வி, இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று நிலாவைக் காட்டித் திணித்ததும் தவறுதான். கவனத்தைத் திருப்பி வயிற்றை ஏமாற்றுவது எந்தக் காலத்திலும் நல்லது இல்லை. அதுவரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலா தானாகப் பேசாது. அதற்காகப் பாட்டிதான் பேச வேண்டும். பிள்ளை நிலாவைப் பார்க்கும், உடனே திரும்பிப் பாட்டி முகத்தைப் பார்க்கும், "அங்க" என்று விரல் நீட்டும், பாட்டி பதில் சொல்வாள், அதற்குப் பிள்ளை இன்னொன்று சொல்லும். வேண்டாம் என்றால் தலையைத் திருப்பும்; பாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அது அவளுக்குத் தெரியும். சமர்த்தான பாட்டி அங்கேயே நிறுத்திக்கொள்வாள். காக்காயும் பறந்து போய்விடும். அடுத்த காக்காய், அதற்கடுத்தது என்று யாரும் வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. போனில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. முடிவே இல்லாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலும், அதைப் பார்க்கும் பிள்ளை தாய் முகத்தைப் பார்ப்பதில்லை, தாயும் பெரும்பாலும் பிள்ளை முகத்தைப் பார்ப்பதில்லை. ஸ்பூனையும் கிண்ணத்தையும்தான் பார்க்கிறாள்.

"அதில் ஏபிசிடி கற்றுக்கொள்கிறாளே, கலர் எல்லாம் சொல்கிறாளே" என்பது அடுத்தது. இந்த வயதில் பிள்ளை பேச்சு கற்பது ஆளிடமிருந்துதான் என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்து, பொம்மை காட்டிப் பேசினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி உணர்ந்தார்கள். திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2014-இல் இன்னொன்று: இனியா வயதுப் பிள்ளைகள், இரண்டிலிருந்து இரண்டரை வயது, புதிய வினைச்சொற்களை நேரில் இருந்த ஆளிடமிருந்து கற்றார்கள், வீடியோ காலில் பேசிய ஆளிடமிருந்தும் கற்றார்கள், முன்பே பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. திரை என்பதால் வந்த வித்தியாசம் இல்லை அது. எதிரே இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறாரா என்பதுதான் வித்தியாசம். அதனால் துபாயில் இருக்கிற சித்தப்பாவோடு அவள் வீடியோவில் பேசுவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன், தாராளமாகப் பேசட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் கடுமையான சட்டம் ஒன்றும் இல்லை: ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-லேயே சாப்பாட்டு நேரத்தைத் திரை இல்லாத நேரமாக வைக்கச் சொல்லிவிட்டது. நீ குக்கர் வைத்து இறக்கும்வரை அவள் அரை மணி நேரம் ஒரு பாட்டு பார்த்தால் நான் சண்டைக்கு வரப் போவதில்லை. என் சண்டையெல்லாம் தட்டுக்கு முன்னால் இருக்கிற போனோடுதான்.

உண்மையாகவே யோசிக்க வேண்டிய மறுப்பு ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் சத்துக் குறைந்த பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், இங்கே போய் "பிள்ளை இஷ்டப்படி சாப்பிடட்டும்" என்று சொல்லலாமா என்பது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல், சுமார் 57 விழுக்காடு, ரத்தசோகையோடு இருந்தார்கள். சாதாரண எண் இல்லை அது. ஆனால் இதற்கு விடை எங்கே இருக்கிறது என்று பார். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் என்ன செய்தார்கள்? ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். கோடு ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள், ஏறத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். ஒல்லியா குண்டா என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார்கள். பிள்ளைகளின் எடைக் கோட்டைப் பார்ப்பதுதான் என் வேலையாகவே இருந்தது, உனக்குத் தெரியும். அதே அளவுகோலை இனியாவுக்கும் வை. கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோ, முகம் வெளுத்தாலோ, விளையாட்டில் சோர்ந்து உட்கார்ந்தாலோ டாக்டரிடம் போ. போனைக் காட்டி ஊட்டித் தீர்க்கிற குறை இல்லை அது. ரத்தசோகைக்கு ஒரு முக்கியக் காரணம் சோற்றில் இரும்புச் சத்து இல்லாதது, சோற்றின் அளவு இல்லை. நாலு கிண்ணம் வெறும் பால் சாதம் இறங்கினாலும் இரும்பு ஏறாது. பாலில் அது மிகக் குறைவு, வயிற்றை மட்டும் நிரப்பும். முருங்கைக்கீரை, பருப்பு, மீன், ஈரல், மேலே நாலு சொட்டு எலுமிச்சை, இவை இரண்டு வாய் போனாலும் அதைவிட மேல். வாரம் இரண்டு முறை இரும்புச் சத்து மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரையும் அரசே கொடுக்கிறது. இரண்டையும் தவற விடாதே.

நேரம் இல்லை என்கிறாய். எட்டரை மணிக்கு ஆபீஸ் வண்டி, ராத்திரி ஏழரைக்கு வீடு. உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அதைச் சின்னதாக்கவில்லை. ஆனால் கணக்குப் பார். போன் வைத்து ஊட்டுவதற்கு முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் ஆகிறது என்று நீயே சொன்னாய். ஆகத்தான் செய்யும், சோறு கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறதே. போன் இல்லாத சாப்பாட்டை இருபதிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, தட்டை எடுத்துவிடலாம். அடுத்த வேளை வரப்போகிறது. பகலில் இனியாவைப் பார்த்துக்கொள்ளும் சம்பந்தியம்மா எப்படி ஊட்டுகிறார்கள் என்று ஆபீஸிலிருந்து உன்னால் பார்க்க முடியாது, அதற்காக வீட்டில் சண்டையும் வேண்டாம். ராத்திரி ஒரு வேளையை மட்டும் உன்னுடையதாக எடுத்துக்கொள். அந்த ஒரு வேளை சரியாகிவிட்டால் மற்றதை அவர்களே பார்த்து மாற்றிக்கொள்வார்கள். மாப்பிள்ளை போனும் உன் போனும் அந்த அரை மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும். பிள்ளைக்கு மட்டும் ஒரு சட்டம் என்றால் அது நிற்காது.

முதல் சில நாள் கடினமாகத்தான் இருக்கும், ஒளிக்க மாட்டேன். கேட்டது கிடைக்காதபோது குழந்தையின் அழுகை முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடும் நாளில் பயந்து போனை எடுத்துக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்க அழுதால் கிடைக்கும் என்று அவள் கற்றுக்கொள்வாள். தொடங்காமலே இருந்தது மேல் என்று ஆகிவிடும். அதனால் லீவு சேர்ந்து வரும் நாலு நாளாகப் பார்த்துத் தொடங்கு. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பிஸ்கட், முறுக்கு, பால் எதுவும் வேண்டாம். டேவிஸ் அம்மையாரின் பட்டியலைச் சொன்னேனே, இங்கேதான் அது தேவை: பிள்ளையின் கணக்கு சரியாக ஓட வேண்டுமென்றால் கணக்கைக் கெடுக்கும் பண்டம் கண்ணில் படக் கூடாது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போகிறதென்றால் குறை. அவளுக்கென்று விளிம்பு உயர்ந்த சின்ன எவர்சில்வர் தட்டு, அதில் நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சாதம் ஒரு ஓரம், நீங்கள் சாப்பிடுகிற பொரியல் ஒரு ஓரம், கொஞ்சமாக வை. கேட்டால் மறுபடி போடலாம். அவள் கையாலேயே அள்ளட்டும். பாதி தரையில்தான் விழும். புதுக் காயை முதல் நாள் தொடவே மாட்டாள். பத்து, பதினைந்து தடவை வைத்த பிறகும் நாக்கில் வைக்கலாம். அதுவரை "சாப்பிடு" என்று சொல்லாமல் வைத்துக்கொண்டே இரு.

இதில் நீ படப்போகும் கஷ்டத்தை மட்டும் எழுதிவிட்டேன். கிடைப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் போல் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே ஒரு பருக்கையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்து, அது விரலில் ஒட்டிக்கொண்டதை விடுவிக்கப் பார்ப்பாள். தாளித்த கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு விளிம்பில் வரிசை வைப்பாள். கறிவேப்பிலையை உன் தட்டில் கொண்டுவந்து போடுவாள், அதுவும் பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு. "அம்மா சாப்பிது" என்று உன் வாயில் திணிப்பாள். இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசத் தொடங்கிய வாய், தினமும் ஒரு புதுச் சொல்லை எங்கிருந்தோ கொண்டுவரும் வயது. "சூடு", "ஊது", "இன்னும்", "போதும்" எல்லாம் தட்டைச் சுற்றித்தான் வரும். "போதும்" என்று அவள் முதல் முறை தெளிவாகச் சொல்லும் நாளில் தட்டில் பாதிச் சோறு மீந்திருக்கும், நீ அதை மதித்து எடுத்துவிட வேண்டும். தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு வயதிலேயே தெரிவது எவ்வளவு பெரிய விஷயம்! அடம் பிடிக்கிறாள், எல்லாவற்றுக்கும் "மாட்டேன்" என்கிறாள் என்று நீ சலித்துக்கொள்கிறாய். அவள் தன்னை ஒரு தனி ஆளாக உணரத் தொடங்கிவிட்டாள், அதனால்தான் "மாட்டேன்" வருகிறது. குளிக்க மாட்டேன், செருப்புப் போட மாட்டேன் என்பதையெல்லாம் நாம் விட்டுக்கொடுக்க முடியாது. சாப்பாட்டின் அளவை விட்டுக்கொடுக்கலாம். அந்த ஒரு இடமாவது அவளுடையதாக இருக்கட்டும்.

இரண்டு பக்கத்தையும் எடுத்து வைக்கிறேன் என்றேன்; இன்னொரு பக்கம் இது. எல்.கே.ஜி. வரை இப்படியே விடலாம். உலகம் அழிந்துவிடாது, எத்தனையோ வீட்டில் விட்டிருக்கிறார்கள். ஆனால் அதுவரைக்கும் இன்னும் ஒன்றே கால் வருடம் இருக்கிறது. நாளுக்கு மூன்று வேளை என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் சாப்பாடு. அத்தனை சாப்பாட்டிலும் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டு, மூன்றரை வயதில் வகுப்பறையில் டிபன் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடுவாள்? அன்றைக்கு நிறுத்துவது இன்றைக்கு நிறுத்துவதைவிட எளிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் கண்டித்த மாதிரி இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளாதே, கண்ணு. வேலையையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, காய்ச்சல் வந்த ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஈரத்துணி போட்டு, அடுத்த நாள் மீட்டிங்குக்கும் போகிறவள் நீ. உன்னை மாதிரி ஒரு தாய் கிடைக்க இனியா கொடுத்து வைத்திருக்க வேண்டும். நீ ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளை சாப்பிடவில்லையே என்று கண் கலங்குகிற மனசு இருக்கிறதே, அதற்கு மேல் எந்தப் புத்தகமும் எந்தப் பெரியம்மாவும் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் பெரியம்மா உன் பக்கம்தான். யார் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கூரியரில் பருப்புப் பொடியும் வறுத்து அரைத்த ராகி மாவும் அனுப்பியிருக்கிறேன். நெய் தனிப் பாட்டிலில் இருக்கிறது, ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியிலேயே கெடாது. வைகாசியில் பத்து நாள் வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பத்து நாளும் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. நீயும் மாப்பிள்ளையும் சினிமாவுக்குப் போய் வாருங்கள், கல்யாணமான புதிதில் போனதோடு சரி என்று உன் அம்மா சொன்னாள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம் சொல். இனியாவுக்கு முத்தம்.

அன்புடன்,
பெரியம்மா